சிவப்பு, நீலம், கறுப்பு… அப்புறம் அந்தப் பேரில்லாத வெள்ளை

…அதான் சொல்றேம்மா, சிவப்புப் பெட்டிக் கம்பெனிக்காரனை மட்டும் நம்பிடாதீங்க. கையில என்ன, புது ஹார்ட் டிஸ்க்கா? சிவப்பா? போச்சு போங்க. சரி, இப்படி உக்காருங்க, ரிப்பேர்காரர் நம்ம நம்பரைக் கூப்புட இன்னும் நேரமிருக்கு.

நான் டெய்லர். தையலோட பூவேலையும் உண்டு. கம்ப்யூட்டர்ல டிசைன் வரைஞ்சு குடுத்தா மெஷின் அதுபாட்டுக்குப் போட்டுடும். ஆறு வருஷமா நானே உக்காந்து வரைஞ்சது, ஐந்நூறுக்கு மேல. எல்லாம் ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கு. இருந்துச்சு.

சிவப்பு… எட்டே மாசம். ஒரு நாள் டிக் டிக்னு சத்தம், ஏதோ வேலை பாக்குதுன்னு விட்டுட்டேன். மறுநாள் கண்ணே தொறக்கல. அப்புறம் நீலம், பதிமூணு மாசம். அட்டையில மூணு வருஷம் கேரண்டின்னு போட்டிருக்கேன்னு போய்க் கேட்டா, டிஸ்க்கை மாத்தித் தருவாங்களாம், உள்ள இருக்குற டிசைனுக்குப் பொறுப்பில்லையாம். சட்டைக்குத்தான் பொறுப்பு, போட்டிருக்குற ஆளுக்கு இல்லைங்குற மாதிரி! கறுப்பு, பத்து மாசம். ஒவ்வொண்ணும் போறப்ப உள்ள இருந்ததையும் சேத்துக்கிட்டுப் போச்சு.

இதுல கூத்து என்னன்னா, பேரே இல்லாத ஒரு வெள்ளை டிஸ்க். என் கொழுந்தன் கம்ப்யூட்டர் கடையில வேலை பாக்குறான், சும்மா குடுத்தான். ஓசியில வந்ததுக்கு என்ன மரியாதை? அப்ப இருந்த டிசைனை ஒரு தடவை ஏத்திட்டு, வெட்டுத்துணி மூட்டைக்குள்ள போட்டுட்டேன். நாலு வருஷமாச்சு, இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. நாலையும் இந்தப் பையில போட்டு எடுத்துட்டு வந்து, டிசைன் ஏதாவது தேறுமான்னு பாக்கக் குடுத்திருக்கேன்.

அந்தச் சிவப்பை வாங்கச் சொன்னதும் அந்தக் கொழுந்தன்தாம்மா. மாடியிலதான் குடியிருக்கான். அது போனதும் ஏறிப் போய்க் கேட்டேன். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? 'எங்க வச்சிருந்தீங்க அண்ணி?'ங்குறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்… சொன்ன பொருள் சரியில்ல, கேள்வி மட்டும் என்கிட்ட. அன்னைக்கு எறங்கி வந்தவதான், ரெண்டு வருஷமாப் பேச்சில்ல. படியில எதிர்ல வந்தா, கொடியில இல்லாத துணியை எடுக்கற மாதிரி திரும்பிக்குவேன். கஷ்டமாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. வாய் நெறைய அண்ணி அண்ணின்னு கூப்புட்ட புள்ள.

இருங்க, கூப்புடுறாரு. இந்த எடத்தைக் கொஞ்சம் பாத்துக்குங்க…

…ம். வந்துட்டேன். மூணும் தேறாதாம். வெள்ளையில இருக்குற பழசுதான் மிச்சம். போகட்டும், திரும்ப வரைவேன், கை எங்க போகப் போகுது. ஆனா மூணு கம்பெனி டிஸ்க்லயும் ஒரே மாதிரி கீறல்னு காட்டுறாரு. அப்புறம் கேக்குறாரும்மா, எங்க வச்சிருந்தீங்கன்னு. அதே கேள்வி!

எங்க வைப்பேன்? தையல் மேசையிலதான், மெஷினுக்குப் பக்கத்துல. மோட்டார் ஓடுனா மேசை கிடுகிடுன்னு ஆடும், டிஸ்க் மெல்ல மெல்ல நகந்து ஓரத்துக்கு வரும். விழறதுக்குள்ள முழங்காலால தாங்கிடுவேன், அதுல நான் கெட்டிக்காரி. அப்படியேதான் சொன்னேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு.

உள்ள ஒரு தட்டு சுத்துமாம். ஊசி மாதிரி ஒண்ணு, அது மேல படாம ஓடுமாம். ஆட்டுனா தட்டைக் கீறிடுமாம். ஊசி ஓடுறப்ப துணியை அசைச்சா என்ன ஆகும்னு எனக்கா தெரியாது? தையல் கத்துக்க வர்றவங்களுக்கு முதல் நாள் நான் சொல்ற பாடமே அதுதாம்மா. மூணையும் நானே… ஒரு பெட்டிக்காரன் மேலயும் தப்பில்ல.

என்ன எந்திரிச்சிட்டீங்க? உங்க நம்பரா? போங்க, போங்க. சிவப்பே இருக்கட்டும், நல்ல கம்பெனிதான். நானும் ஒரு போன் பண்ணணும்…

அலோ. ஆமா, அண்ணிதான். போனைக் காதுலேருந்து எடுத்து எடுத்துப் பாக்காத, நானேதான் பேசுறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு கேட்டியே தம்பி… தையல் மேசையில வச்சிருந்தேன்.

என்ன சிரிப்பு? என் மேல தப்புன்னு இப்ப யாரு சொன்னா? மேசைதான் சரியில்ல. சாயங்காலம் எறங்கி வந்து அதோட காலுக்கு ஒரு கட்டை வச்சுக் குடு.

…சாப்புடாம வா.