குருநாகலுக்கு ஓராள்

இரவு பதினொரு மணி. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற ரோட்டு. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கிற வயல்... நடுவில் ஒரேயொரு ஓட்டோ.

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. என்னோடு வேலை செய்கிற சிவதர்சினியின் பெரியப்பாவுக்கு நடந்தது. பெயர் வீரபாகு. முரசுமோட்டைக்காரர். கிளிநொச்சி ரவுணில் ஓட்டோ ஓடுகிறவர்.

அன்றைக்கு அவருடைய ஓட்டோவில் ஏறியிருந்தது இரண்டு சிங்கள ஆமிக்காரப் பெடியன்கள். லீவு நாள். ரவுணில் குடித்துவிட்டு முகாமுக்குத் திரும்புகிறார்கள். முகாம் முரசுமோட்டையையும் தாண்டி இருக்கிறது. அதற்கு முந்திய வருசம் இப்படிக் குடிவெறியில் நடந்துபோன ஒரு பெடியனை லொறி அடித்துவிட்டது. பிறகு ஒரு சார்ஜன்ட் ஓட்டோத் தரிப்பிடத்துக்கு வந்து, இவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டான். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். வீரபாகு ஓம் என்றார்.

வீரபாகுவின் ஒரே மகன் கடைசிச் சண்டைக்குள் காணாமல் போனவன். இன்றைக்கும் ஒரு தகவலும் இல்லை. தாய் இன்னும் வழி பார்த்திருக்கிறார்.

"உனக்கென்ன விசரோ?" என்று மற்ற ஓட்டோக்காரர் கேட்டார்கள்.

"அதுகளுக்கும் வீட்டில ஆரும் முழிச்சிருப்பினம்தானே."

கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னார். அவருக்கு எல்லாமே அப்படி ஆகிக் கன வருசம்.

சரி... முரசுமோட்டை கழிந்து ஒரு மதகு. அதன் பக்கத்தில் ஒருவன் கையைக் காட்டினான். சீருடை போட்டிருந்தான். குடிக்க வருகிறவர்கள் சீருடையில் வருவதில்லை. அது வீரபாகுவுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தினார். அவன் ஏறிப் பின்சீற்றின் நடுவில் இருந்தான். நித்திரையில் கிடந்த இரண்டு பெடியன்களும் கண் திறக்காமலே ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள்.

பிறகு மணம். சாராய மணத்தையும் மேவிக்கொண்டு சேற்று மணம். குளம் வற்றும்போது வருமே... அது. கூடவே ஒரு சத்தம். குளிரில் பல்லோடு பல்லு அடிபடுகிற சத்தம். அன்றைக்கோ சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம்.

முகாம் வாசல். இரண்டு பேரும் தள்ளாடி இறங்கினார்கள். காவலுக்கு நின்றவன் ரோச் லைற்றை ஓட்டோவுக்குள்ளும் அடித்துப் பார்த்தான்.

"ரெண்டு பேர். சரி ஐயா, போங்க."

கண்ணாடியில் மூன்றாமவன் இருந்தான். அதே நடுவில்.

"கெதர," என்றான்.

வீடு. அவ்வளவு சிங்களம் வீரபாகுவுக்குத் தெரியும்.

"எங்கை தம்பி வீடு?"

"குருநாகல்."

பயப்படவில்லையா என்று சிவதர்சினி பிறகு கேட்டிருக்கிறாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பயம் வந்திருக்க வேணும்... வரேல்லை, பிள்ளை," என்றாராம். ஓட்டோவைத் திருப்பினார். அவ்வளவுதான்.

பரந்தன் சந்திக்கு வரும்போது பன்னிரண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து குருநாகலால் கொழும்பு போகும் கடைசி பஸ் வருகிற நேரம். கடையெல்லாம் பூட்டு. ஒரு நாய்கூட இல்லை. வீரபாகு இறங்கி நின்றார். அவனும் இறங்கிப் பக்கத்தில் நின்றான். பல்லுச் சத்தம் மட்டும் ஓயவில்லை. பஸ் வர, வீரபாகு கையைக் காட்டினார்.

கதவு திறந்தது. கொண்டக்டர் எட்டிப் பார்த்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன்.

"எத்தினை பேர் அண்ணை?"

"ஓராள். குருநாகல்."

கொண்டக்டர் வீரபாகுவின் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்த்தான். இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... பிறகு ரோட்டின் கடைசித் தொங்கல் வரைக்கும்.

"இவ்வளவு சனத்தையும் ஏத்த இடமில்லை அண்ணை."

பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தரம் படபடவென்று அடித்தான். பஸ் போய்விட்டது.

வீரபாகு திரும்பிப் பார்த்தார். சந்தி வெறுமை. பக்கத்தில் நின்றவனையும் காணவில்லை.

வீட்டுக்கு வெளிக்கிட்டார். ஏற்றமே இல்லாத ரோட்டு அது. ஆனால் ஓட்டோ மூன்றாம் கியருக்கு வரவே இல்லை. நெல்லு மூட்டை ஏற்றின மாதிரி, இரண்டிலேயே முக்கி முக்கி வந்து சேர்ந்தது.

சத்தம் கேட்டு மனைவி ஜெகதீஸ்வரி வந்து வாசல் படலையைத் திறந்தார். ஓட்டோ உள்ளே போய் நின்றது. என்ஜினை நிறுத்திவிட்டு வீரபாகு திரும்பிப் பார்த்தார்.

ஜெகதீஸ்வரி படலையைச் சாத்தவில்லை. அகலத் திறந்து பிடித்தபடி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். வெளியே ரோட்டில் ஒருவரும் இல்லை. ஆனாலும் தன்னைத் தாண்டி உள்ளே வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்ப்பது போல... பார்த்துக்கொண்டே நின்றார்.

விடியும் மட்டும்.