சொட்டக் கூடாத பம்ப்

இருந்தவர்கள்: அண்ணன். தம்பி. இருவருக்கும் பொதுவான மெக்கானிக், பட்டப்பெயர் ஸ்பேனர். ஒரே வருஷம் வாங்கிய இரண்டு கிழட்டு டிராக்டர்கள். சொத்தைப் பிரித்ததில் ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. இடம் டிராக்டர் ஷெட். கதவு ஒன்றுதான்.

— லிவரை இன்னொரு தடவை தூக்குங்க, சின்னவரே. போதும் போதும். சொட்டுது.

— சொட்டலை ஸ்பேனரண்ணே, ஊத்துது. கலப்பை முழங்கால் உசரம் ஏறல, அதுக்குள்ள ஆயில் தரையில குளம் கட்டிடுச்சு.

— டேய் தம்பி, இது சொட்டக் கூடாதே!

— அதைத்தான் அண்ணே நானும் சொல்றேன். என் வண்டி சொட்டக் கூடாது.

— நீ எப்படிடா அதைச் சொல்றே? ஒரு மாசமா சொட்டிக்கிட்டு இருந்ததே உன் வண்டிதானே?

— அது போன வாரம் வரைக்கும். இன்னிக்குச் சொட்டக் கூடாது, அவ்ளோதான். நீ எதை வச்சுச் சொன்னே?

— எனக்கு ஒரு காரணம் இருக்கு.

— மேட்டர் என்னன்னா, பெரியவரே...

— நீ சும்மா இரு.

— இருக்கேன்.

— இன்னிக்கு மூணு பேருக்கு உழுது தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். தனியாப் போற மொத நாளே கலப்பை தூக்காத வண்டியோட போய் நிக்கணும். வேணும்னே ஓட்டையை என் தலையில கட்டிட்டே, இல்ல?

— டேய்! சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், சொல்ல வச்சுட்டே. நீ தனியாப் போறேன்னதும் எனக்கு மனசு கேக்கல. புதன்கெழமை இவனைக் கூப்பிட்டு, ரெண்டு வண்டியிலயும் கலப்பையைத் தூக்குற பம்பை மாத்திப் போடு, என் நல்ல பம்ப் அவனுக்குப் போகட்டும், அவன்கிட்ட மூச்சு விடாதேன்னேன்.

— புதன்கெழமையா?

— ஆமா. ஏன்டா இப்படி வேர்க்குது உனக்கு?

— ஷெட்டுல காத்தே இல்ல.

— ஸ்பேனரு, மாத்தினியா இல்லியா?

— மாத்தினேன், பெரியவரே. அந்த போல்ட்டு வர மாட்டேன்னு அடம் பிடிச்சதுல தோலே உரிஞ்சிடுச்சு, கையைப் பாருங்க.

— அப்ப இப்ப என் வண்டிதான் சொட்டணும். ஸ்டார்ட் பண்ணு, பாத்துடலாம்.

— பண்ணியாச்சு. லிவரைத் தூக்கறேன்... கலப்பை ஏறிடுச்சு, பெரியவரே.

— கீழ பாரு.

— சொட்டு இல்ல. காஞ்சு கெடக்கு.

— சொட்டக் கூடாதது சொட்டுது, சொட்ட வேண்டியது சொட்டல. என்னய்யா நடக்குது இங்க?

— மேட்டர் என்னன்னா... சின்னவரே, நீங்க சொல்றீங்களா?

— எனக்கென்ன தெரியும்?

— அவனை எதுக்கு இழுக்கறே? நீ பம்பையே தொடல. மாத்தினேன்னு வாயால மாத்தியிருக்கே, அவ்வளவுதான்.

— தொடலையா? இருபது வருஷம், பெரியவரே. இந்த ரெண்டு வண்டியிலயும் வேற ஒருத்தன் கை வச்சதில்ல. செய்யாத வேலையைச் செஞ்சேன்னு சொல்ற ஆளா நான்?

— பையைத் தூக்கிட்டுக் கெளம்பு. இனி இந்தப் பக்கம் வராதே.

— சரி. வாயைத் திறக்க மாட்டேன்னு ஒருத்தருக்குச் சொல்லிட்டேன், அதனால போறேன். வரேன், சின்னவரே.

— போறான் பாரு, திருட்டுப் பய. நீ ஏன்டா செவுத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறே?

— அவரு மாத்தினாரு, அண்ணே. ரெண்டு தடவை.

— ரெண்டு தடவையா?

— திங்கக்கெழமை நான் மாத்தச் சொன்னேன். உன் நல்ல பம்ப் எனக்கு, என் ஓட்டை உனக்கு. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னேன். புதன்கெழமை நீ திரும்ப மாத்தச் சொன்னதும், நான்தான் மனசு மாறி உன்கிட்ட ஒத்துக்கிட்டேன்னு நெனச்சிருப்பாரு, பாவம். அதான் ஓட்டைப் பம்ப் திரும்ப என் வண்டிக்கே வந்துடுச்சு.

— போய் அவரைக் கூட்டிட்டு வா.

— ஸ்பேனரண்ணே! நில்லுங்க! அண்ணன் உள்ள கூப்பிடறாரு... நீங்க மொதல்ல போங்க, ஆயில் வழுக்கும், பாத்து. அண்ணே, கூட்டிட்டு வந்துட்டேன். அண்ணே? ஏன் கதவைச் சாத்தறே? பூட்டாதே, அண்ணே. அவருதான் உள்ள வந்திருக்காரு, நான் இன்னும் வெளிய நிக்கறேன்.