தடக்குப்படாத வாசிப்பு

லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்தில் எனக்குப் பின்னால் நின்றவர், கூட வந்தவரிடம் சொன்னார்:

“நான் பொய் சொன்னபடியாலைதான் அண்ணை, மகள் வாசிக்கப் பழகினவள்.”

“என்னடாப்பா சொல்லுறாய்?”

“வகுப்பிலை அவள்தான் கடைசி. வீட்டிலை புத்தகம் வாசிச்சுக் காட்டுங்கோ எண்டு ரீச்சர் சொன்னவ. எனக்கெங்கை பிரெஞ்சு வாசிக்கத் தெரியும்? படத்தைப் பாத்துத் தமிழிலை கதை விட்டன். ‘நோன், இல்லை அப்பா, இதிலை அப்பிடி இல்லை’ எண்டு எழுத்துக்கூட்டிப் பிடிக்கத் தொடங்கீட்டாள்.”

“நல்லதுதானே.”

“ஓம். போன கிழமை முதலாளி என்னை வேலையாலை நிப்பாட்டிப்போட்டு, பிறகு பிரெஞ்சிலை கடிதமும் அனுப்பினவர். லீவுக் கடிதமெண்டு மனுசியிட்டைச் சொன்னன். மகள் வாங்கிச் சத்தமாய் வாசிச்சாள்.”

மெத்ரோ வந்தது. ஏறும்போது சொன்னார்:

“ஒரு இடத்திலையும் தடக்குப்படேல்லை, அண்ணை.”