மூதூர் லோஞ்சின் பெயாரிங்

கொட்டியாரக் குடாக் கரையில் நெருப்போடு நின்று நெடுங்காலம் உழைத்தவரே, உருகிய உலோகத்தை உயிர்காக்கும் உறுதியாய் உருவாக்கியவரே, இலங்கைத்துறை ஈன்ற எங்கள் மூத்த வார்ப்பாளரே, வேலாப்போடி ஐயா, வணக்கம்.

கம்பிவடத்தின் நுனியை இரும்புக் குவளைக்குள் விளக்குமாறு போல விரித்து, வைற்மெற்றல் என்னும் ஈயக் கலவையை உருக்கி ஊற்றி நீங்கள் இறுக்கிய முனைகள் இன்றைக்கும் இந்தத் துறையில் பாரம் தூக்குகின்றன. ஒன்றும் கழன்றதில்லை. இதைச் சொல்லி, "பொறுமையின் பெட்டகமே" என்று புகழ்ந்து முடித்துவிடலாம். உங்களை 'ஆமைப்போடி' என்று கூப்பிட்ட எங்கள் வாய்களுக்கு அது ஏலாது. ஆகையால் அந்த ஆவணி மாதத்து நாளைச் சபையோருக்குச் சொல்கிறோம்.

போரால் தரைவழி அடைபட்டிருந்த காலம். மூதூருக்கும் திருகோணமலைக்குமிடையே சனத்தை ஏற்றி ஓடியது ஒரேயொரு லோஞ்ச், இயந்திரப் படகு. அதன் சுழல்தண்டைத் தாங்கும் பெயாரிங் உருகிப்போனது. ஈயம் கலந்த எதுவும் குண்டுக்குப் போகும் என்று படையினர் தடுத்திருந்தார்கள். ஒரு கட்டி உலோகமும் வரவில்லை. வேலாப்போடியார் முற்றத்தில் கிடந்த பழைய வடமுனைகளைச் சூடேற்றி, முன்பு தாம் ஊற்றிய உலோகத்தையே திரும்ப வடித்தெடுத்துப் பெயாரிங்கை வார்த்தார். பிறகு தண்டில் நீலச் சாயம் பூசிச் சுழற்றி, தண்டு எங்கும் சீராகப் படியும்வரை சாயம் பட்ட மேடுகளைச் சுரண்டத் தொடங்கினார்.

பின்னேரம் லோஞ்ச் ஓட்டி மஹ்ரூப் வந்தார். "அண்ணன், இப்பவே பூட்டுவமே? அங்கால இறங்குதுறை நிறையச் சனம்."

"இன்னும் சரியாப் படேல்ல. நடுக்கடலில சூடேறி நிண்டா, ஏத்தின சனத்துக்கு ஆர் பொறுப்பு?"

"ஆமைப்போடிக்கு விடியட்டும்," என்றார் எங்களில் ஒருவரான தவராசா. நாங்கள் சிரித்தோம்.

அவர் தலை நிமிரவில்லை. அவருடைய மனைவி சிவகாமிப்பிள்ளை, நெஞ்சுவலியோடு, திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு வர அந்த மூதூர் இறங்குதுறையில்தான் காத்திருந்தார். காலையிலேயே ஐயாவுக்குத் தொலைபேசியில் செய்தி வந்திருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் லோஞ்ச் போய், சனத்தை ஏற்றிக்கொண்டு, ஒரு முனகலும் இல்லாமல் திரும்பியது. பாதிக் கடலில் சிவகாமி அக்காவின் மூச்சு நின்றிருந்தது.

"ஏன் அண்ணன் சொல்லேல்ல?" என்று மஹ்ரூப் அழுதார்.

"சொல்லியிருந்தா நீங்கள் ஓம், பூட்டுவம் எண்டிருப்பீங்கள். நானும் விட்டிருப்பன்."

ஐயா, இந்தப் பொறுமையைப் பாராட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. இன்னொரு லோஞ்ச் இருந்திருந்தால், ஒரு கட்டி உலோகத்தை உள்ளே விட்டிருந்தால், இப்படியொரு பொறுமையை உங்களிடம் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்க வைத்தவர்கள்மேல் கோபம் இருக்கிறது. சிரித்த எங்கள்மேலும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதி இந்தப் பிரியாவிடை மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம்.

அன்றுதொட்டு அந்த லோஞ்சில் நீங்கள் கால் வைக்கவில்லை. பிறந்த ஊருக்கும் போகவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாளைக் காலை மூதூருக்கு அப்பாலுள்ள இலங்கைத்துறைக்குப் புறப்படுகிறீர்கள். வழி இன்னும் அந்த லோஞ்ச் ஒன்றுதான். பெயாரிங்கும் நீங்கள் வார்த்ததுதான். நாங்கள் எல்லோரும் உங்களோடு வருகிறோம். வெருகல் முருகன் துணையோடு நோய்நொடியின்றி நீங்கள் நெடுநாள் வாழவேண்டும். நாளைக்கு மட்டும் ஒன்றுக்கும் அவசரப்படாதீர்கள். நீங்கள் ஏறும்வரை மஹ்ரூப் கயிறு அவிழ்க்கமாட்டார்.

இங்ஙனம்,
உங்களோடு வேலை செய்தவர்கள்,
கொட்டியாரக் கடற்பட்டறை, திருகோணமலை.