கம்பத்தடி ஈரம்

பெயர் டெஸ்மண்ட் ஹார்கின், வயது 52, மின்கம்பித் தொழிலாளி, ரயிலடித் தெரு, முல்காரா, மேற்கு குவீன்ஸ்லாந்து. யாரும் வற்புறுத்தாமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

எங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்கு ஒரே கம்பிதான் போகிறது. போன மின்சாரம் கம்பத்தடியில் புதைத்த செம்புக் கோல் வழியாக மண்ணுக்குள் இறங்கித் திரும்பிவிடும். மண் காய்ந்தால் தடை ஏறும். பத்தொன்பதாயிரம் வோல்ட் தள்ளுவதால் மின்னோட்டம் மட்டும் குறையாது. எட்டு ஆம்பியருக்குத் தடை மூன்று ஓம் என்றால் கோலில் இருபத்துநான்கு வோல்ட், தொட்டாலும் தெரியாது. நாற்பது ஓம் என்றால் முந்நூற்றிருபது.

ஆகஸ்ட் 9 காலை, லோர்ன் பெட்ரி வேலை செய்யும் பண்ணையில் தடையை அளக்கப் போனேன். மீட்டர் பதினெட்டு காட்டியது. ஐந்தைத் தாண்டக்கூடாது. புதுக் கோல் அடிக்கப் பாறையைத் துளைக்க வேண்டும், எனக்குச் சோம்பலாக இருந்தது. அதன்பின் தடை இறங்கட்டும் என்று கோலைச் சுற்றி நான்கு வாளி உப்புத்தண்ணீர் ஊற்றினேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லோர்னின் மனைவி நோரீன், "என்ன டெஸ், கம்பம் காய்க்கும்னு தண்ணி ஊத்துறியா?" என்று சிரித்தாள். "காய்ச்சா மொதப் பழம் உனக்குத்தான். தெனம் பாத்திரம் கழுவுன தண்ணிய இங்கயே ஊத்துங்க" என்றேன். அதன்பின் மறுபடி அளந்து, மூன்று என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர்களும் தினமும் ஊற்றி வந்தார்கள்.

நவம்பர் 14 பகல் இரண்டு மணிக்கு என்னை அழைத்தார்கள். கானலில் வீடும் தொட்டியும் கம்பமும் தண்ணீரில் மிதப்பதுபோல் தெரிந்தன. வண்டியை ஓட்டுவது நான்தானா என்றிருந்தது. துணிக்கொடிக் கம்பியின் ஒரு முனை கம்பத்தில் கட்டப்பட்டு, கோலுக்கு இறங்கும் கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தினேன். அதன்பின் அருகில் போனேன். நோரீன் வெறுங்காலோடு கிடந்தாள், உயிர் இல்லை. வெள்ளை விரிப்புகள் அவளுக்கு மேலே மெல்ல எழுந்து எழுந்து இறங்கின. எவ்வளவு நேரம் அவற்றையே பார்த்து நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் லோர்ன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "மூணு நாளா தண்ணி ஊத்த மறந்துட்டேன்டா டெஸ். நான்தான்டா கொன்னுட்டேன்" என்றான். உங்களிடமும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறான். பதினொரு நாள் நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் ஊற்றுவது லோர்னுடைய வேலையே அல்ல. பாறையைத் துளைப்பது என் வேலை. மூன்று என்று எழுதியது என் கை.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது. என்னை என்ன செய்வதானாலும், இதை இன்றே லோர்னுக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) டெ. ஹார்கின்