ஏழு தடவை களைந்த அரிசி

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் கம்மி, மேடம். குறையாகச் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கருப்பட்டிக் காப்பி குடித்த நாக்கு இது. இன்றைக்குத் திங்கட்கிழமை என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.

வாயால் சொல், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இருபத்தாறு வருஷமாக சீல் பார்க்கிற வேலை. பெட்டிக் கதவில் சீல் உடையாமல் இருந்தால் ‘சரி’ என்று எழுதுவேன். கீறல் இருந்தால் ‘கீறல்’ என்று எழுதுவேன். இத்தனை வருஷத்தில் பொய்யாக ஓர் எழுத்து எழுதியதில்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் என்னுடைய இந்த ஒரு நல்ல குணத்தால் நடந்ததுதான்.

என் பெயர் வரதன், காலடிப்பேட்டை. எனக்கும் ஞானதுரைக்கும் சண்டை என்று உங்கள் ஏட்டையா எழுதி வைத்திருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். எங்களுக்குள் இருந்தது விவாதம். தமிழ் சினிமாவில் ஒரு நடிகை நடித்ததிலேயே ஒசந்த நடிப்பு எது என்கிற விவாதம்.

ஞானதுரைக்கு ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம், வீடு திருவொற்றியூரில். அவன் அப்பா காலத்தில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இவன் இங்கேயே பிறந்ததால் பேச்சு எங்கள் பேச்சு. அவன் சம்சாரம் தங்கபுஷ்பம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இருபது வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சை விடவில்லை. என்னை அண்ணே என்பாள்.

என் கட்சி ரேணுகாவல்லி. ‘ஈரவிறகு’ படத்தில் புருஷன் மில்லில் செத்துப்போன சேதி வரும். அவள் அரிசி களைந்துகொண்டிருப்பாள். அழ மாட்டாள். தண்ணீரை ஊற்றுவாள், களைவாள், வடிப்பாள், திரும்ப ஊற்றுவாள். ஏழு தடவை. கேமரா முகத்துக்கே போகாது, கையிலேயே நிற்கும். கடைசி தடவை தண்ணீரை வடிக்கும்போது இடது மணிக்கட்டு லேசாக மடங்கும். அதைப் பார்த்து அழாதவனை நான் மனுஷனாகவே சேர்த்துக்கொள்வதில்லை.

ஞானதுரையின் கட்சி டி.எம். சந்திரிகா. ‘கடைசி டோக்கன்’ படத்தில் வீட்டுக்கு வந்திருப்பவன் ஆபத்தான ஆள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அவனோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவாள். சிரிப்பாள், கேலி பேசுவாள், தோற்றுக்கூடப் போவாள்.

“டேய் மாமு, அந்தம்மா மூஞ்சிய பாத்தியா நீ? உள்ள உசுரு போய்கினு கீது, மேல சிரிச்சிகினு கீது. அதான்டா நடிப்பு” என்பான்.

“அது சினிமா, தொர. நெஜத்துல எந்தப் பொம்பளையால அப்புடி முடியும்? மூஞ்சி பொய் சொல்லும், கை சொல்லாது. நடுங்கிப் பூடும்” என்பேன் நான்.

இதை நாங்கள் எவ்வளவு சந்தோஷமாகச் செய்தோம் என்று உங்களுக்குப் புரிய வைக்க வேண்டும், மேடம். யார்டில் சீல் பார்க்கும்போதே நான் லாரி டிரைவர்களிடம் ஓட்டு எடுப்பேன். ரேணுகாவல்லிக்கு நாற்பத்தொன்று, சந்திரிகாவுக்குப் பதினேழு. மூன்று பேர் எந்த கேட் வழியாக வெளியே போக வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள். பீகார் டிரைவர் ஒருவருக்கு அரிசி களைந்தே நடித்துக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டார், ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த பின் லாரிக்காரருக்குத்தான் ரசனை இல்லை. ஞானதுரை லேசுப்பட்டவனில்லை. சந்திரிகா என்று சொல்கிற வாடிக்கையாளருக்கு ஒரு சில்லுக் கருப்பட்டி கூடப் போடுவான். டில்லிபாபு டீக்கடையில் எங்கள் இருவர் குரலும் கேட்டால் ரோட்டில் போகிறவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். டில்லிபாபு யார் கடைசியாக போண்டா வாங்கினோமோ அவர் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஞானதுரை வீட்டில் காப்பியோடு திரும்ப ஆரம்பிக்கும். தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். “ரெண்டு பேரும் இத வச்சே கெழவனாயிருவிய” என்று சிரிப்பாள். அவள் எந்தக் கட்சி என்று பதினோரு வருஷத்தில் சொன்னதே இல்லை. இப்போது யோசித்தால், நாங்கள் கேட்டதும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் டில்லிபாபு தன் கடை ஆண்டு விழாவில் எங்களுக்கு மேடை போட்டுக் கொடுத்தார். ‘மாபெரும் பட்டிமன்றம். நடிப்பில் சிறந்தது கையா, முகமா?’ என்று பேனர். இருநூறு பேர் இருந்தார்கள். நான் பிரமாதமாகப் பேசினேன், அடக்கத்துக்காக அதை விவரிக்கவில்லை. ஞானதுரை கடைசியாக எழுந்து, படத்தைப் பற்றி ஒன்றுமே பேசாமல் என்னைக் காட்டினான்.

“இவன் சீல பாத்து பாத்தே பழகிட்டான்பா. பூட்டு நல்லா கீதான்னுதான் பாப்பான். உள்ள இன்னா கீதுன்னு ஒரு நாளும் கேக்கமாட்டான். இவன் போய் நடிப்ப பத்தி பேசுறான்.”

விசில் பறந்தது. நானும் சிரித்தேன். ஓரமாக நின்ற தங்கபுஷ்பம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டில்லிபாபு சந்திரிகாவுக்குத் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்குப் போண்டா எல்லாம் ஞானதுரை செலவு.

எனக்கு வலித்தது. ஆனால் கோபப்படவில்லை. ரெண்டு நாள் நிதானமாக யோசித்தேன். சினிமாவைச் சினிமாவால் நிரூபிக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நிஜமான ஒரு பெண்ணுக்கு, நிஜமான வீட்டில், அந்தச் சேதி வர வேண்டும். அவள் கை என்ன செய்கிறது என்று ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நான் பார்த்த பெண்களில் பார்க்கத் தகுந்த கை தங்கபுஷ்பத்துடையது. மாவு பிசைந்தாலும் மல்லி ஆய்ந்தாலும் அவள் கைக்கு ஒரு அழகு உண்டு.

சும்மா ஒரு பொய்ச் சேதி சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு விளையாட்டு என்று சொல்லியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதைத்தான் முதலில் நானும் யோசித்தேன். ஆனால் நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதோடு அந்த வீட்டில் பதினோரு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நல்ல பெண்ணிடம் இப்படிப்பட்ட விஷயத்தில் போய்ப் பொய் சொல்ல மனசு வருமா? ஆகவே சேதி உண்மையாக இருக்க வேண்டியிருந்தது.

நேற்று சர்ச் வாசலில் ஞானதுரையைப் பார்த்து, “வா தொர, கல்லு மேல நின்னு பேசலாம்” என்றேன். பேசத்தான் கூப்பிட்டேன், பேசவும் செய்தோம். கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டியிருக்கிறார்களே, தூண்டில் வளைவு, அதன் முனை வரைக்கும் நடந்தோம். வெயில் ஏறிவிட்டதால் வேறு யாரும் இல்லை. என் வாழ்க்கையிலேயே நன்றாகப் போன விவாதம் அதுதான். அவன் சந்திரிகா மாதிரியே நடித்துக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இல்லாத பல்லாங்குழியில் இல்லாத சோழியைப் போட்டுக்கொண்டே கண்ணைச் சிமிட்டினான். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தேன். அவனும் சிரித்துக்கொண்டுதான் போனான். அதுவும் கேலியில் சேர்த்தி என்று நினைத்திருப்பான்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. நான் உடனே கிளம்பவில்லை. விழுந்துவிட்டான் என்பது வேறு, செத்துவிட்டான் என்பது வேறு. ‘சரி’ என்று எழுதுவதற்கு முன்னால் இரண்டு தடவை பார்ப்பது என் பழக்கம்.

அவன் வீட்டுக்கு நடக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்ன வயதில் முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் கிடைத்தால் அப்படி இருக்கும். தங்கபுஷ்பம் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “வாங்கண்ணே, அவுக எங்க?” என்றாள். கூடத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அடுப்படி வாசலுக்கு நேராகப் போட்டேன். முகமும் கையும் ஒரே பார்வையில் விழுகிற இடம். உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

“தங்கச்சி, தொர கடல்ல வுழுந்தான். செத்துட்டான்.”

கவனியுங்கள், வழுக்கி விழுந்தான் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை பொய்யில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“இருங்கண்ணே. அரிசி எடுத்துட்டு வாரேன்” என்றாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மேடம். அரிசி டிரம் உள் அறையில் இருக்கிறது. போனாள், அரை நிமிஷத்தில் சட்டியோடு வந்தாள். அடுப்படிக் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீர் பிடித்தாள். களைந்தாள், வடித்தாள். திரும்பப் பிடித்தாள். நான் மூச்சுக்கூட விடாமல் எண்ணினேன். நாலு. அஞ்சு. ஆறு. ஏழாவதில் அவள் இடது மணிக்கட்டு லேசாக மடங்கியது. நான் அழுதுவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்பதற்காக மட்டும் இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

எழுந்திருக்கப் போனேன். “உக்காருங்கண்ணே, காப்பி போடுதேன்” என்றாள். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, “அந்தப் படத்துல இதுக்குப் பெறவு என்ன வரும்ணே?” என்று கேட்டாள். துக்கத்தில் மனுஷர்கள் சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பாவம் என்று கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மாமியார் வருவது, மில் சங்கு ஊதுவது, மழை. அவள் ஒவ்வொன்றுக்கும், “பெறவு?” என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதையை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காப்பியைக் கொடுத்தாள். கருப்பட்டி ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டம்ளர் தளும்பவில்லை. கை நடுங்கிப்போகும் என்று ஊரெல்லாம் பேசியவன் நான், அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. கிளைமாக்ஸுக்கு வந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

மாடியில் குடியிருக்கிற பெர்சிஸுக்கு அவள் உள் அறையிலிருந்து அனுப்பிய மெசேஜை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். மனப்பாடமாகிவிட்டது. “வரதன் அவுகள என்னமோ பண்ணிட்டான். நீ கீழ வராத. போலீஸக் கூப்பிடு. வார வரைக்கும் இவன நான் உக்கார வச்சிருக்கேன்.” எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்டதற்கு அவள் சொன்னதையும் படித்துக் காட்டினீர்கள். “சாவு சொல்ல வந்தவன் எதுக்கு மொதல்ல நாற்காலிய இழுத்துப் போட்டான்?”

என்னை ஜீப்பில் ஏற்றும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எந்தப் படத்திலும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒரே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கிறேன் என்று கான்ஸ்டபிளிடம் கேட்டேன். தலையைப் பிடித்து உள்ளே அமுக்கிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

ஆகவே, ஞானதுரையைத் தூண்டில் வளைவின் முனையிலிருந்து தள்ளியது நான்தான். யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். விவாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ரேணுகாவல்லியும் இல்லை, சந்திரிகாவும் இல்லை. நேற்றுக் காலை, திருவொற்றியூரில், இருபத்திரண்டு நிமிஷம், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். கையும் நடித்தது, முகமும் நடித்தது. ராத்திரி இதை ஞானதுரையிடம் சொல்லலாம் என்று போனைத் தேடினேன். போன் உங்களிடம் இருக்கிறது என்பதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

தங்கபுஷ்பத்துக்கு என் மேல் கோபம் இருக்காது. கோபம் இருந்தால் எனக்காக அவ்வளவு அழகாகச் செய்திருக்க முடியுமா? ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். கோர்ட்டில் அவள் சாட்சி சொல்கிற அன்றைக்கு என்னைக் கொஞ்சம் முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் நின்றால் கை தெரியாது.