போடா இல்லை, பேடா

சூளகிரியிலிருந்து ஓசூர் வந்த பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த, ஒரே கம்பெனியில் வேலை செய்யும் நண்பர்கள் இருவரின் பேச்சிலிருந்து தெரிந்தவை:

1. வார இறுதியில் ஏரிக்கரைச் சீமைக்கருவேலம் வெட்டும் தன்னார்வப் பணிக்குப் போயிருந்தார்கள்.
2. ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.
3. இருவரில் திருநெல்வேலிக்காரர் கோபத்தில், வெட்டிக்கொண்டிருந்த மரத்தை முழுசாகச் சாய்த்துவிட்டார்.

“‘போடா, போடா’ன்னு ஏசுனா சும்மா இருக்க முடியுமாண்ணே?”

“அது போடா இல்லப்பா, பேடா. கன்னடத்துல வேணாம்னு அர்த்தம். நீ வெட்டுனது சீமைக்கருவேலம் இல்ல, வெள்வேலு, நம்மூரு மரம். அந்தம்மா ஆடுங்களுக்கு அது ஒண்ணுதான் நிழலு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்லாண்ணே?”

“நான் குரூப் போட்டோவுல நின்னுட்டிருந்தேன்.”



“தப்பாயிட்டுன்னு கன்னடத்துல எப்படிண்ணே சொல்லணும்?”

“தப்பாய்த்து.”

“அவ்வளவுதானா?”

ஓசூர் வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.